பூதமாகிப் போன புரொபசர்

டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளிடம் பென்சிலைக் கொடுத்து, 'இத்தனை வருஷத்தில் உனக்கு நடந்ததை ஒரு காமிக்ஸாகப் போடு' என்றால் என்ன வரைவார்கள்? உயிரைக் காப்பாற்றின சாகசம் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லையாம். பேய்க் கதை!

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹெர்ஷி என்று ஓர் ஊர். சாக்லேட்டுக்குப் பேர் போனது. அங்கே இருக்கும் பென் ஸ்டேட் மருத்துவக் கல்லூரியில் 2009-ல் கடைசி வருஷ மாணவர்களுக்குக் காமிக்ஸை ஒரு பாடமாகவே கொண்டுவந்தார் மைக்கேல் கிரீன். இவரும் டாக்டர்தான். படித்தால் மட்டும் போதாது, சொந்தக் கதையை வரைந்தும் காட்ட வேண்டும். 'எனக்கு டிராயிங் வராது சார்' என்று நழுவ முடியாது. குச்சி மனிதர்கள் போதும்.

இப்படிச் சேர்ந்த 66 கதைகளை கிரீனும் டேனியல் ஜார்ஜ் என்பவரும் அலசி, 2015-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் எழுதினார்கள். ஏறக்குறைய பாதிக் கதைகளில் திகில். சீனியர் டாக்டர்கள் எல்லாம் ராட்சசர்கள். மாணவர்கள், தூக்கம் கெட்ட நடைப்பிணங்கள்.

கேஸ் ஷீட்டில் பி.பி., பல்ஸ் எழுத இடம் இருக்கிறது. 'எனக்குக் கை நடுங்கியது' என்று எழுத இடம் கிடையாது. அந்த வகையில் இது பெரிய காரியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு ஒரு குறை. பூதம் வரைவது கொஞ்சம் சுலபம். எதிராளிக்குக் கோரைப் பல் வைத்துவிட்டால் நான் அப்பாவி ஆகிவிடுகிறேன். அவரும் ஒரு காலத்தில் தூங்காமல் வார்டு சுற்றினவர் என்பது கட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. சில சமயம் நோயாளியும்தான். அப்புறம், வரைந்த பிள்ளைக்கு மனசு லேசாகியிருக்கும், சரி. அந்தப் புரொபசர் படத்தைப் பார்த்தாரா?

கிரீனே ஒரு கதை எழுதியிருக்கிறார். 'மிஸ்டு இட்', 2013-ல் வந்தது. படம் போட்டவர் ரே ரீக். பயிற்சி டாக்டராக இருந்தபோது நோயைக் கண்டுபிடிக்காமல் கோட்டைவிட்ட கதை. தப்பு செய்தது பூதம் இல்லை, கிரீனேதான். இத்தனை வருஷம் கழித்து, மாணவர்களும் சக டாக்டர்களும் படிக்கிற இதழில், பேரைப் போட்டே சொல்கிறார். பாடம் நடத்துகிறவருக்கு இந்தத் துணிச்சல் இருந்தால்தான் பிள்ளைகள் தங்களையும் கட்டத்துக்குள் வைப்பார்கள் என்று தோன்றுகிறது.

இதையெல்லாம் படித்த பிறகு, ராத்திரி காஷுவாலிட்டிக்குப் போனால், நம் கையைப் பிடித்து நாடி பார்க்கும் அந்தச் சின்னப் பையனிடம், 'தம்பி, நீங்க கடைசியா எப்ப தூங்கினீங்க?' என்று கேட்கத் தோன்றுகிறது. கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது, பதிலை நினைத்து.