ஒரே ஒரு ‘க’ போதுமா?

பாலக்காட்டுச் சித்தூரிலும் இடுக்கி மூணாறிலும் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது: "மலையாளத்துல ககரத்துக்கு நாலு எழுத்து இருக்கு, தமிழ்ல ஒண்ணுதானா?" பெரியவர்களில் சிலரும், ‘நம்ம எழுத்துல குறைதான்’ என்று ஒப்புக்கொண்டு விடுகிறார்கள். எனக்கு இது உடன்பாடில்லை.

கல், பக்கம், தங்கம், பகல் என்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லோசை. மெல்லெழுத்தை ஒட்டி வந்தால் அதிர்வோசை. இரண்டு உயிருக்கு நடுவே இளகிய ஓசை. இடமே ஒலியைக் காட்டிவிடுவதால் தனி எழுத்து தேவைப்படவில்லை. மலையாள லிபியோ கிரந்தத்தின் வழி வந்தது. கிரந்தம் வடமொழி எழுத வளர்ந்தது. வடமொழியில் அந்த ஒலிகள் மாறினால் பொருளே மாறும். அவரவர் தேவைக்கு அவரவர் எழுத்து, அவ்வளவுதான்.

மறுபக்கமும் பாருங்கள். ‘நனை’ என்பதில் நாம் ந, ன என இரண்டு எழுதுகிறோம். மலையாளிகள் ‘நனயுக’ என்பதில் அவ்விரண்டையும் பிரித்தே ஒலிக்கிறார்கள்; எழுதுவது ஒரே எழுத்து! நம் பேச்சிலோ இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. பழைய வேறுபாட்டை நம் எழுத்துதான் காத்து நிற்கிறது.

ஆனால் பாபு, பாலு, காந்தி போன்ற பெயர்களில் நம் விதி உதவாது. இதை மறைக்கக் கூடாது. ‘பால்’ படித்த பிள்ளை ‘பாலு’வைத் தப்பாகப் படித்தால் அது பிள்ளையின் குற்றமல்ல. கேட்டுத்தான் பழக வேண்டும்.

பேச்சு தமிழ், எழுத்து மலையாளம் என்று வளரும் நம்ம பிள்ளைங்களை வீட்டில் தினம் ஒரு பக்கம் தமிழ் உரக்கப் படிக்க வைப்போம். காதுக்குத் தெரிந்த விதியைக் கண்ணும் கற்றுக்கொள்ளும்.