தானே உப்பங்கழி: ஒரு பழைய வரைபடத்தின் நிறையும் குறையும்

விமான் நகர்வாசிகளான நமக்கு விமான நிலையம் புதிதல்ல. ஆனாலும் 2025 அக்டோபர் 8ஆம் நாள் திறக்கப்பட்ட நவி மும்பை விமான நிலையம் முன்பு என்ன நிலமாக இருந்தது என்றறிய ஆசை வந்தது. அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு 1950களில் இந்தியாவுக்குப் போட்ட வரிசையில் பம்பாய்த் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அளவு 1:2,50,000. தாளில் ஒரு சென்டிமீட்டர், தரையில் இரண்டரை கிலோமீட்டர். 1970இல் தோன்றிய சிட்கோ, புதுநகருக்குக் குறித்த சுமார் 344 சதுர கிலோமீட்டரும் இதில் 55 சதுர சென்டிமீட்டர்தான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதற்குள் 95 கிராமங்கள்!

முதலில் நிறையைச் சொல்லிவிடுவோம். மலை, கழி, பன்வேல், உரண் எல்லாம் ஒரே பார்வையில் விளங்குகின்றன. ராணுவத்தின் தேவைக்கு அது போதும்.

குறை எங்கே? தொல்காப்பியர் முதற்பொருள் என்றது நிலம், பொழுது இரண்டையும். இப்படத்தில் நிலம் உண்டு, பொழுது இல்லை. கழிக்கரை என்பது ஓதம் ஏறினால் தண்ணீர், வற்றினால் சேறு. அதைக் கோடு போட்டு நிறுத்த முடியுமா? கருப்பொருளும் இல்லை. ஆக்ரி மக்களின் உப்பளம், நெல்வயல், கோளிகளின் மீன்பிடிப்பு யாவும் நெய்தலுக்கு உயிர். தாளிலோ வெறும் சதுப்புக் குறி! வியாபாரி பாஷையில் சொன்னால், சரக்கு இருப்பில் இருக்கு, யார் சரக்குன்னு எழுதலை.

படத்தின் மேல் பழி போடவில்லை. அதைப் பார்த்துவிட்டுக் 'காலி இடம்' என்று நினைக்கும் கண்ணைத்தான் சொல்கிறேன். அந்த இடம் காலி இல்லை என்பதற்கு 1984 ஜனவரியில் ஜாசை பகுதியில் ஐந்து உயிர்கள் சாட்சி. நிலம் இழந்த விவசாயிகள் தி. பா. பாட்டில் தலைமையில் போராடியபோது நடந்த துப்பாக்கிச் சூடு அது. அந்தப் போராட்டத்தின் பலனாகவே 12.5 சதவீத மனைத் திட்டம் கிடைத்தது. வயலுக்காவது பட்டா உண்டு. சேற்றில் நண்டு பிடித்தவன் எந்தப் பட்டாவைக் காட்டுவான்?

விமான நிலையத்துக்காக உல்வே குன்றை வெட்டினார்கள், ஆற்றையும் திருப்பினார்கள். இனி வரும் படங்களில் நீளமான ஓடுபாதை தெரியும். அடுத்த முறை பன்வேலைத் தாண்டும்போது, பிள்ளைகளுக்கு ஓடுபாதையைக் காட்டுவதோடு, அது யாருடைய நெய்தல் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.