கரடி பொம்மையா, நாயா?

2013-ல் அமெரிக்காவில் இரண்டு அப்பீல் தீர்ப்புகள் வந்தன. ஒன்று நியூயார்க்கில், இன்னொன்று வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றத்தில். சாட்சி சொல்பவரின் காலடியில் பயிற்சி பெற்ற நாய் ஒன்று படுத்திருக்கலாமா என்பதுதான் இரண்டிலும் கேள்வி. படுத்திருக்கலாம் என்று இரண்டுமே சொல்லிவிட்டன. முடிவு எனக்கும் சம்மதம்தான். போய்ச் சேர்ந்த வழிதான் சரியாகப் படவில்லை.

கொஞ்சம் பின்னணி. சியாட்டில் இருக்கிற கிங் கவுண்டியில் எலன் ஓ'நீல்-ஸ்டீஃபன்ஸ் என்ற அரசு வழக்கறிஞர், தன் மகனுக்கு உதவியாக இருந்த ஜீட்டர் என்ற நாயை 2003-ல் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆரம்பம் அதுதான். அடுத்த வருடமே எல்லி என்ற லாப்ரடார் அந்த அலுவலகத்துக்கு முழுநேர வேலைக்கு வந்துவிட்டது. இதைத்தான் ஃபெசிலிட்டி டாக் என்கிறார்கள். வீட்டில் வளரும் சாது நாயைச் சும்மா கூட்டி வருவதில்லை. சுமார் இரண்டு வருடம் வளர்ப்பும் பயிற்சியும் உண்டு. குரைக்கக் கூடாது, தாவக் கூடாது, மணிக்கணக்கில் அப்படியே படுத்திருக்க வேண்டும். சும்மா இருப்பதுதான் அதன் உத்தியோகம்.

எதற்கு இத்தனை ஏற்பாடு? தனக்குக் கொடுமை செய்ததாகக் குழந்தை சொல்லும் ஆள் நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால், முகம் தெரியாத பன்னிரண்டு பேர் கேட்க, நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும். பிறகு எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணை. பல குழந்தைகள் அங்கேயே வாயடைத்துப் போகின்றன. வேறு சாட்சி இல்லாத வழக்கு என்றால் அத்தோடு வழக்கும் போச்சு.

இதற்கு முன்னால் முயன்ற வழிகள் எல்லாம் ஒரு சுவரில் போய் முட்டின. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாட்சியை நேருக்கு நேர் சந்திக்கும் உரிமையை அமெரிக்க அரசியல் சாசனம் தருகிறது. நடுவில் திரை போட்டதை 1988-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வேறு அறையிலிருந்து டிவி வழியாகச் சாட்சி சொல்வதை 1990-ல் அனுமதித்தது, ஆனால் இந்தக் குழந்தைக்கு அது அவசியம் என்று ஒவ்வொரு வழக்கிலும் நிரூபித்தாக வேண்டும். நாய் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. குழந்தை அதே அறையில், அதே நாற்காலியில், அவரைப் பார்த்தபடியே உட்காருகிறது. எதிராளியின் உரிமையை மிகக் குறைவாகத் தொடும் ஏற்பாடு இதுதான். நான் இதை ஆதரிப்பதற்கு முதல் காரணமும் இதுதான்.

இப்போது நியூயார்க் வழக்கு. 2011, பொகீப்ஸி என்ற ஊர். சாட்சி 15 வயதுப் பெண். கூடப் போனது ரோஸி, 11 வயது கோல்டன் ரெட்ரீவர். எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. அப்பீல் கோர்ட் என்ன செய்தது? 1994-ல் ஒரு குழந்தை கரடி பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு சாட்சி சொல்ல அனுமதித்த தீர்ப்பு ஒன்று இருந்தது. அதைக் காட்டி, ரோஸியும் அந்த வகைதான் என்று ஒப்பிட்டது. வாஷிங்டன் வழக்கில் சாட்சி குழந்தையல்ல, அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு பெரியவர். காலடியில் இருந்தது நம்ம எல்லியேதான். அங்கும் குழந்தைகள் பொம்மையோடு சாட்சி சொன்ன பழைய வழக்குதான் கைகொடுத்தது.

எனக்கு இங்கேதான் இடிக்கிறது. ரோஸி ஏன் தேவை என்பதற்கு அரசுத் தரப்பு கொண்டுவந்த ஆதாரம், ரோஸி பக்கத்தில் இருந்தால் அந்தப் பெண் கூடுதலாகப் பேசுகிறாள் என்ற சிகிச்சையாளரின் சாட்சியம். அதாவது ரோஸி மூச்சு விடும், சூடாக இருக்கும், பயத்தை உணர்ந்து பக்கத்தில் வரும். அந்தப் பெண் தயங்கிய ஒரு கட்டத்தில் ரோஸி எழுந்து மூக்கால் மெல்லத் தள்ளியது போல இருந்ததாக அப்போதைய பத்திரிகைச் செய்தியே சொல்கிறது. எந்தக் கரடி பொம்மை இதைச் செய்யும்? தேவை என்று வாதிடும்போது உயிருள்ள ஜீவன், பாதிப்பு இருக்கிறதா என்று கேட்டால் பஞ்சடைத்த பொம்மை. ப்ரோக்ராமர் புத்திக்கு, ஒரே ஆப்ஜெக்டுக்கு வசதிப்படி இரண்டு டைப் கொடுத்த மாதிரி இருக்கிறது. கம்பைலர் விடாது, கோர்ட் விட்டுவிட்டது.

இதனால் எதிர்த்தரப்பின் நல்ல வாதம் ஒன்றுக்கு முழுப் பதில் வராமலே போய்விட்டது. சாட்சி பதறினால் நாய் ஆறுதல் தரும்; பதற்றம் உண்மையைச் சொல்வதாலா, பொய் சொல்வதாலா என்று நாய்க்குத் தெரியாது. ஆனால் நாய்க்கு நல்லவன் கெட்டவன் தெரியும் என்று நம்மில் பாதிப் பேருக்கு நம்பிக்கை. (நம்மூரில் ஜூரி கிடையாது என்பதால் இந்தக் கவலை கொஞ்சம் அந்நியமாகத் தோன்றலாம்.) நாயைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று நீதிபதி ஜூரிக்குச் சொல்லிவிடலாம், சரி. மனசு கேட்குமா? மாதிரி ஜூரிகளை வைத்து நடந்த ஆய்வுகளில் நாயால் எதிராளிக்குப் பாதகம் வந்ததாகத் தெரியவில்லை என்று முடிவு வந்திருக்கிறது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனாலும் மாதிரி ஜூரியின் முடிவால் யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை.

கோர்ட் சொல்லியிருக்க வேண்டிய பதில் வேறு என்று நினைக்கிறேன். நாய் இல்லாத சாட்சிக் கூண்டு நடுநிலையானது என்று அந்த ஆட்சேபம் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது. அது நடுநிலை இல்லை. திக்கித் திணறி, தரையைப் பார்த்து, கேள்விக்குப் பதில் வராமல் உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் பார்த்தால் 'பொய் சொல்லுதோ' என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். பயமும் ஜூரியிடம் பேசுகிறது, தப்பாகப் பேசுகிறது. நாய் அந்தத் தப்பைக் குறைக்கிறது என்று சொல்லியிருந்தால் பொம்மையைத் துணைக்குக் கூப்பிட வேண்டியதே இல்லை. நாய் உயிருள்ளது என்பதை ஒப்புக்கொண்டு அதற்கேற்ற நிபந்தனைகளையும் விதித்திருக்கலாம்.

கனெக்டிகட் இந்த விஷயத்தில் பரவாயில்லை. அங்கே நாய் ஏன் அவசியம் என்று நிரூபிக்கவில்லை என்பதால் 2014-ல் அப்பீல் கோர்ட் தண்டனையையே ரத்து செய்தது. 2016-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது: அவசியம் என்று நிரூபிக்கத் தேவையில்லை, சாட்சி முழுமையாகவும் நம்பகமாகவும் பேச நாய் எவ்வளவு உதவும், எதிராளிக்கு எவ்வளவு பாதகம் என்று விசாரணை நீதிபதி எடைபோட்டால் போதும்.

இன்னொன்று, இந்த விவாதங்களில் பெரிதாக யாரும் நிறுத்திப் பேசாதது: நாய் யாருடையது? எல்லி வேலை பார்த்தது அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில். கவனித்துக்கொண்டவரும் அங்கே இருந்த ஒரு வழக்கறிஞர். ஆக ஆறுதல் ஒரு தரப்பின் கையில். எதிர்த்தரப்பு அழைக்கும் சாட்சியும் குழந்தையாக இருக்கலாம், அதுவும் பயப்படும். நாய் கோர்ட்டின் பொறுப்பில் இருக்க வேண்டும், கேட்கிற இரு தரப்புச் சாட்சிகளுக்கும் கிடைக்க வேண்டும். ஜூரி உள்ளே வருவதற்கு முன்பே கூண்டுக்குள் போய்ப் படுத்து, அவர்கள் எழுந்து போன பிறகு வெளியே வர வேண்டும். கயிறு பிடிக்கிறவர் போலீஸோ வழக்கறிஞரோ ஆக இருக்கக் கூடாது.