ஒரு வண்டியும் அதன் மறுபதிப்பும்

புத்தகத்துக்கு விமரிசனம் உண்டு. சினிமாவுக்கு உண்டு. கச்சேரிக்கு உண்டு. ஹோட்டல் சாம்பாருக்குக்கூட இப்போது உண்டு. பழைய மோட்டார் வண்டியைப் புதுப்பித்து நிறுத்துகிறவனுடைய வேலைக்கு மட்டும் விமரிசனம் என்று ஒன்று கிடையாது. பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லுகிறார்கள்: "அட, புதுசு மாதிரி இருக்கே!" பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்லுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அதைவிடக் கடுமையான கண்டனம் இருக்க முடியாது. எழுபது வயதுக் கிழவரைப் பார்த்து, குழந்தை மாதிரி இருக்கிறீர்கள் என்றால் அவர் சந்தோஷப்படலாம். அந்த எழுபது வருஷம் எங்கே போயிற்று என்று கேட்பதற்கு ஒருவனாவது இருக்க வேண்டாமா?

எனக்கு மோட்டார் சாஸ்திரம் தெரியாது. ஆனால் மறுபதிப்பு என்றால் என்ன என்று தெரியும். முப்பது வருஷத்துக்கு முன் எழுதிய நாவலைப் பதிப்பாளர் மீண்டும் அச்சுக்குக் கொடுக்கும்போது, "ஒரு தடவை பார்த்துவிடுங்களேன்" என்பார். ஆபத்து அங்கேதான் ஆரம்பம். அச்சுப் பிழையைத் திருத்தலாம், திருத்தத்தான் வேண்டும். 'வருஷ'த்தையெல்லாம் 'ஆண்டு' ஆக்கி, அன்றைய அசட்டுத்தனத்தை இன்றைய கெட்டிக்காரத்தனத்தால் மூடினால் அது மறுபதிப்பு ஆகாது. பழைய பெயரில் வந்த ஒரு புதுப் புத்தகம் ஆகும். வாசகனுக்கு அது தெரியாது என்பதுதான் அதில் உள்ள மோசடி.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நான் பார்த்த வேலை, படப்பைப் பக்கம் ஒரு வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையில் நடந்தது. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குப் போகிற சாலை படப்பையைத் தாண்டி ஒரகடத்தைத் தொடுகிறது. இன்று அந்தப் பிரதேசமே மோட்டார் வண்டிக்காக உண்டானது போலத் தோன்றும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோவும் நிஸ்ஸானும் சேர்ந்து தொழிற்சாலை திறந்தார்கள். 2012இல் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரி, 2013இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள். இவற்றுக்கெல்லாம் முன்னால், அதே சாலையின் கிழக்கு முனைக்குப் பக்கத்தில், பெருங்களத்தூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது. ஹெரால்டு காரை நடுத்தர வயது தாண்டிய சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அப்புறம் கெஸல் வந்தது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று பெரிய கார் ஒன்றும் வந்தது. 1988இல் கதவு சாத்தியாகிவிட்டது.

அந்தக் கம்பெனி செய்த இன்னொரு வண்டியைப் பற்றி யாரும் பெருமை பேசுவதில்லை. ஸ்டாண்டர்டு 20 என்று பெயர். இங்கிலாந்தில் 1958இல் அட்லஸ் என்ற பெயரில் வெளிவந்த சுமை வண்டியின் வாரிசு அது. அங்கே தயாரிப்பு நின்றதும் அச்சுகளும் கருவிகளும் இங்கே கப்பலேறி வந்தன. மூக்கில்லாத முகம். என்ஜின் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. டிரைவருக்கும் பக்கத்தில் உட்காருகிறவருக்கும் நடுவே, ஒரு மூடிக்குள் இருக்கிறது. வெயில் காலத்தில் டிரைவரின் இடது கால் திருநள்ளாற்றிலும் வலது கால் ஊட்டியிலும் இருப்பது போல என்று, ஓட்டிய ஒருவர் எனக்குச் சொன்னார்.

கொட்டகையில் நின்றது 1970களின் முற்பகுதியில் பிறந்த அந்த ஜாதி வண்டி. பின்புறம் திறந்த பிக்கப். அதைச் சீர்ப்படுத்துகிற இளைஞர் ஒரகடத்துப் பக்கத் தொழிற்சாலை ஒன்றில் பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்க்கிறவர். அவருடைய தகப்பனார் பெருங்களத்தூர்த் தொழிற்சாலையில் தகடு தட்டுகிற பிரிவில் இருந்தவர். ஆகவே மகனுக்கு இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. "அய்யா கை பட்ட வண்டியாக்கூட இருக்கலாம் சார்" என்றார். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகளையும் சம்பளத்தில் கணிசமான பங்கையும் ஒரு 'இருக்கலா'முக்காக ஒருவர் செலவழித்திருக்கிறார் என்பதே எனக்கு மரியாதை ஏற்படுத்திய விஷயம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். என்ஜினைத் திறந்து, சிலிண்டரைப் போர் பண்ணி, புதுப் பிஸ்டன் போட்டு, கார்புரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுத்தம் செய்து, புதுப்பேட்டைச் சந்துகளில் அலைந்து கிடைத்ததைப் பொருத்தி, கிடைக்காததை லேத்தில் கடைந்து செய்திருக்கிறார். வண்டி ஓடுகிறது. இதில் விமரிசகனுக்கு வேலையில்லை. ஓடுவதற்காகச் செய்யப்பட்டது ஓட வேண்டும். ஓடாத வண்டியை மெருகேற்றிக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைப்பதில் எனக்கு ருசியில்லை.

சண்டை மேல்தோலில்தான். இன்றைய தொழிற்சாலையில் வர்ணம் பூசுவது எப்படி என்று அவர் எனக்கு விளக்கினார். வண்டிக் கூட்டை அப்படியே ரசாயனத் தொட்டிகளில் முக்கி எடுக்கிறார்கள். அடுத்த தொட்டியில் மின்சாரத்தைப் பாய்ச்சியதும் வர்ணம் மடிப்புகளின் உட்பக்கம் வரை தானே போய் ஒட்டிக்கொள்கிறது. அதன் மேல் ஒரு பூச்சு, அதன் மேல் நிறம், அதன் மேல் கண்ணாடி போன்ற கடைசிப் பூச்சு. உள்ளே போகிறவன் ஒரு தூசி கொண்டுபோகக் கூடாது. மனிதன் கை பட்ட அடையாளம் தெரிந்தால் அது குறை. தினம் எட்டு மணி நேரம் அந்தக் குறையைத் தேடித் தேடிப் பழகிய கண் அவருடையது. அந்தக் கண்ணோடு ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? தகப்பனார் காலத்துத் தகட்டில் சுத்தியல் அலை தெரிந்தது. பட்டி பார்த்துத் தேய்த்துச் சமமாக்கிவிட்டார். இரண்டு கதவுகளின் இடுக்கும் இரண்டு விதமாக இருந்தது. ஓரத்தில் வெல்டிங் வைத்து, அரத்தால் ராவி, மேலிருந்து கீழ்வரை ஒரே இடுக்காக ஆக்கிவிட்டார். அதன் மேல் முகம் பார்க்கக்கூடிய பளபளப்பு. பெருங்களத்தூரை விட்டு வெளியே வந்த அன்றுகூட அந்த வண்டி இவ்வளவு அழகாக இருந்திருக்காது.

பழுது பார்ப்பது என்றால், ஒருகாலத்திலும் இல்லாத ஒரு பூரண நிலைக்குக் கட்டடத்தைக் கொண்டுவருவதாகவும் இருக்கலாம் என்று வியோலே-ல-துக் என்ற பிரெஞ்சுக்காரர் சென்ற நூற்றாண்டுக்கு முந்தியதில் துணிந்து சொன்னார். ஆங்கிலேயரான ரஸ்கின் 1849இலேயே, புதுப்பிப்பது என்பதே பொய் என்று சொல்லிவிட்டார். நம் ஊரில் இந்த விவாதத்துக்குப் புத்தகம் தேடிப் போக வேண்டாம். மணலைப் பீய்ச்சிக் கோயில் கல்லைச் சுத்தம் செய்தார்களே, அதைப் பார்த்தாலே போதும். கல் வெளுத்தது, கல்வெட்டு எழுத்தும் மழுங்கியது. செய்தவர்கள் பக்தி இல்லாதவர்கள் அல்ல. பக்தியினால்தான் செய்தார்கள். நம் பிக்கப்காரரின் குற்றமும் அதே ரகம்.

ஆனால் சுத்தியல் அலையைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அதை அவர் நஷ்டம் என்றே நினைக்கவில்லை. வண்டி வந்தபோது டிரைவர் காலடித் தகடு துருப்பிடித்து ஓட்டையாகி, யாரோ எண்ணெய் டின்னை வெட்டி ரிவெட் அடித்து மூடியிருந்தார்களாம். ஸ்டியரிங் கம்பி ஒன்று வேறு ஏதோ காரிலிருந்து வந்ததாம். பின்கதவுக் கொக்கி மாட்டு வண்டிக் கொக்கியாம். எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, "ஒரிஜினலா ஆக்கிட்டேன் சார்" என்றார். கம்பியை எறிந்தது சரி. அது உயிருக்கு ஆபத்து. டின் தகடும் கொக்கியும் என்ன பாவம் செய்தன?

சுமை வண்டிக்கு 'ஒரிஜினல்' என்று ஒரு நாள் கிடையாது. ராஜாக்களின் கார் லாயத்தில் தூங்கியது. அதற்குப் பிறந்த நாள் ஒன்றே போதும். மூட்டை தூக்கிய வண்டி தினமும் தேய்ந்து, தினமும் பழுது பார்க்கப்பட்டு உயிர் வாழ்ந்தது. தொழிற்சாலை அதன் முதல் அத்தியாயத்தைத்தான் எழுதியது. மீதியை எழுதியவர்கள் சாலையோரத்துப் புளியமரத்தடி மெக்கானிக்குகளும், கொல்லர்களும், டிங்கர்களும். உதிரி பாகம் கிடைக்காத ஊரில், கம்பெனியே மூடிப்போன பிறகும், டின் தகட்டையும் மாட்டு வண்டிக் கொக்கியையும் வைத்து அதை ஓட்டியவர்கள் அவர்கள். தகப்பனாரின் கையைத் தேடிய மகன் மற்றவர்களின் கைகளை வெட்டிப் போட்டுவிட்டார். கடைசியில் பட்டி பூசித் தகப்பனாரின் கையையும் மறைத்துவிட்டார்.

சட்டமும் அவருக்கு நல்ல வழி காட்டவில்லை. 2021இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி ஐம்பது வயதைக் கடந்த, சொந்த உபயோகத்துக்கான வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். பதிவெண்ணில் வி.ஏ. என்ற எழுத்து வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய் கட்டணம். வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் கூடாது. வியாபாரத்துக்கு ஓட்டக் கூடாது. லாயத்தில் தூங்கிய காரை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதிய விதி என்று படிக்கும்போதே தெரிகிறது. ஃபீவா என்ற பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனம் 2012இல் ஏற்ற டுரின் சாசனத்தில் இதைவிட விவேகம் இருக்கிறது. வண்டி உழைத்த காலத்தில் அதில் ஏற்பட்ட மாற்றங்களும் அதன் சரித்திரம்தான் என்ற நோக்கு அதில் உண்டு.

நம் கதைகளிலாவது இந்த ஞானம் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' நாவலில் துரைக்கண்ணுவின் லாரி வருகிறது. ஆனால் அங்கே சீர்ப்படுத்தப்படுவது வண்டி அல்ல. பூட்டிக் கிடந்த வீடு. ரஜினிகாந்த் நடித்து 1985இல் வந்த 'படிக்காதவன்' படத்தில் டாக்ஸிக்கு லட்சுமி என்று பெயர். கூப்பிட்டால் கிளம்புகிறது, கொட்டகையில் விசில் பறந்தது. லட்சுமிக்குக் கிளட்ச் பிளேட் மாற்ற எவ்வளவு ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. பழைய வண்டியையும் மனிதனையும் பற்றி இந்த நாட்டில் உருவான மிகச் சிறந்த படைப்பு வங்காளத்தில்தான் இருக்கிறது. சுபோத் கோஷின் சிறுகதையை வைத்து ரித்விக் கட்டக் 1958இல் எடுத்த 'அஜாந்த்ரிக்'. பிமல் என்ற டிரைவர். ஜகத்தள் என்று அவன் பெயர் வைத்த 1920ஆம் வருஷத்து ஷெவ்ரலே. ஊரே சிரிக்கிறது. அவன் அதனோடு பேசுகிறான், அதற்குத் தண்ணீர் காட்டுகிறான், அதனால்தான் சாப்பிடுகிறான். கையிலிருந்ததை எல்லாம் கொட்டி அவன் அதைச் சீர்ப்படுத்திய பிறகும் அது நின்றுவிடுகிறது. பழைய இரும்புக்காரன் எடைக்கு எடுத்துப் போகிறான். கடைசியில் ஒரு குழந்தை அதன் ஹாரனை அமுக்கி விளையாடுகிறது. பிமல் சிரிக்கிறான், கண்ணீரோடு. அந்தப் படம் உயர்ந்தது என்று நான் சொல்வதற்குக் காரணம் கண்ணீர் அல்ல. ஜகத்தளின் நசுங்கல் ஒன்றையாவது கட்டக் அழகுக்காக மறைக்கவில்லை.

பிக்கப்புக்குத் திரும்புகிறேன். இடது பக்கக் கதவை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தபோது நீல வர்ணத்துக்கு அடியிலிருந்து மஞ்சள் எழுத்துகள் எழுந்தன. பெயர் தேய்ந்துவிட்டது. 'அரிசி மண்டி, வாலாஜாபாத்' என்பது மட்டும் நிற்கிறது. அதற்குக் கீழே 'போன்' என்று எழுதி, அரைகுறையாக ஓர் எண். கையால் எழுதிய எழுத்து. 'ஜா'வின் சுழி மட்டும் கொஞ்சம் தாராளம். அதையும் தேய்த்துவிடத்தான் இருந்தார். நான் தடுத்தேன்.

"இது ஒரிஜினல் இல்லையே சார். அப்புறம் வந்தவங்க எழுதினது."

"தம்பி, எழுதியவன் கையெழுத்தையாவது வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் தகப்பனார் வந்தார். எண்பதை எட்டிக்கொண்டிருப்பவர். பளபளப்பான வலது கதவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இடது கதவுக்கு வந்து விரலால் தடவிப் பார்த்தார். எழுத்தை அல்ல, எழுத்துக்கு அடியில் தகட்டை. "இங்கே பட்டி வைக்காதடா, விடு" என்றார்.

இடது கதவு அப்படியே இருக்கிறது. நிறமில்லாத மெல்லிய பூச்சு ஒன்று மட்டும், துரு ஏறாமலிருக்க. வலப்பக்கம் நின்று பார்த்தால் ஷோரூம். இடப்பக்கம் நின்று பார்த்தால் வாலாஜாபாத் சந்தை. ஒருமைப்பாடு இல்லை என்று கலா ரசிகர்கள் சொல்லக்கூடும், சொல்லட்டும். அந்த வண்டியில் எனக்குப் பிடித்த ஒரே பாகம் அந்தக் கதவு. மற்றதெல்லாம் திறமை, அது ஒன்றுதான் ரசனை.

அடுத்த வண்டி எடுப்பதாக இருக்கிறார். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு போட்டோ எடுங்கள், பாதுகாப்புக்கு இடைஞ்சல் இல்லாத ஒட்டை விட்டுவிடுங்கள், புதிதாகப் போடுவது புதிது என்று உட்புறத்திலாவது தேதி குறியுங்கள் என்று மூன்று விஷயம் சொன்னேன். ஒப்புக்கொண்டார். ஒன்றில் மட்டும் இன்னும் இறங்கி வரவில்லை. பின்புறத் தொட்டியில் பர்மாத் தேக்குப் பலகை பதித்து வார்னிஷ் அடித்திருக்கிறார். நெல் மூட்டை ஏற்றினால் கீறல் விழுமாம்.