தோழனால் வந்த துயர் – 55ஆம் திருப்பாடலை முன்வைத்து ஒரு திறனாய்வு

பள்ளிகொண்டாவில், பாலாற்றங்கரையை ஒட்டிய ஓர் இல்லத்தில், தவக்காலத்து மாலை ஒன்றில் அன்பியக் கூட்டத்தாரோடு அமர்ந்து 55ஆம் திருப்பாடலை வாசித்தோம். வாசித்து முடித்தபின் சிறிது நேரம் அமைதி காப்பது வழக்கம். அன்று அந்த அமைதி நீண்டுகொண்டே போயிற்று. கூட்டத்தில் இருந்தவர்களுள் ஒருவர் தோல் மண்டித் தரகர். ஐம்பது வயதைக் கடந்தவர். பள்ளிப் பருவம் தொட்டுப் பழகிய நண்பருக்காகக் கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்திட்டவர். நண்பர் கைவிரித்துவிட, கடன் இவர் தலையில் விழுந்தது. குடியிருக்கக் கட்ட வைத்திருந்த மனையும் போயிற்று. இன்றும் இருவரும் ஒரே ஆலயத்தில்தான் ஞாயிறு திருப்பலி காண்கின்றனர்.

அவர் மெல்லக் கேட்டார்: "ஐயா, இந்தப் பாட்டில் தாவீது அழுவது எனக்குப் புரிகிறது. ஆனால் நடுவில் அவர்களுக்குச் சாவையும் கேட்கிறாரே, அதையும் நான் சொல்லி மன்றாடலாமா?"

அன்று நம்மால் விடை கூற இயலவில்லை. அக்கேள்வி நம்மை அத்திருப்பாடலிடமே மீண்டும் அனுப்பியது. இந்தத் திருப்பாடலை ஓர் இலக்கியப் படைப்பாக நின்று நிதானித்துப் பார்த்தால், அவருடைய கேள்விக்கு மட்டுமன்று, அவர் கேளாத மற்றொரு கேள்விக்கும் அது இட்டுச் செல்வதைக் காண்கிறோம்.

முன்னிலையும் படர்க்கையும்

இப்பாடல் அச்சத்தில் தொடங்குகிறது. பாடுபவர் நடுங்குகிறார், புறாவின் சிறகு கிடைத்தால் பாலைநிலத்திற்குப் பறந்து ஒளிந்துகொள்வேன் என ஏங்குகிறார். பின்னர் நகரைப் பார்க்கிறார். மதில்மேல் இரவும் பகலும் வன்முறை சுற்றி வருகிறது. கடைவீதியில் வஞ்சகம் நிலைகொண்டிருக்கிறது. இதுவரை பகைவர் எல்லாரும் 'அவர்கள்' என்ற பன்மையிலேயே நிற்கின்றனர்.

இந்த இடத்தில் பாடலின் இலக்கணமே உடைகிறது. பகைவன் இழிவுபடுத்தியிருந்தால் பொறுத்திருக்கலாம் என்று கூறிவந்தவர், திடீரெனப் படர்க்கையை விட்டு முன்னிலைக்கு மாறி, எதிரே ஆள் நிற்பதுபோல 'நீ' என்கிறார். தனக்கு நிகரானவன், உற்ற தோழன், இனிய உரையாடலில் பங்குகொண்டவன், கூட்டத்தோடு கூட்டமாக இறை இல்லத்திற்கு உடன் நடந்தவன். பாடல் முழுவதிலும் மிகக் கசப்பான நினைவு இந்தக் கடைசி நினைவுதான். ஒரே இலையில் உண்டவன் என்பதைவிட, ஒரே பீடத்தின் முன் நின்றவன் என்பது ஆழமாகக் குத்துகிறது.

அடுத்து வருவதே நம் நண்பர் கேட்ட சாபம். அதனைக் கூர்ந்து நோக்க வேண்டும். சாவை வேண்டும்போது பாடுபவர் மீண்டும் 'அவர்கள்' என்ற பன்மைக்குப் போய்விடுகிறார். 'நீ' என்று அழைத்தவனை நேருக்கு நேர் பார்த்து அவரால் சபிக்க முடியவில்லை. பின்னர் அத்தோழனைப்பற்றிப் பேசும்போதும், வெண்ணெயினும் மென்மையான அவனது சொற்களையும் அவன் மறைத்த வாளையும் கூறுகிறாரேயன்றி, அவனுக்கெனத் தனியே ஒரு தண்டனையை வேண்டவில்லை. சினம் பன்மையை நோக்கிப் பாய்கிறது. துயரம் ஒருமையைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. காட்டிக்கொடுக்கப்பட்ட மனத்தின் இயல்பை இதைவிட நுட்பமாகக் கூறிய பாடல் அரிது.

நம் தமிழ் மரபில் இறந்துபட்ட தலைவனை எண்ணிப் பாடும் கையறுநிலை உண்டு. பாரியை இழந்த கபிலரின் துயரத்தை நாம் அறிவோம். வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், நேரில் கண்டிராத பிசிராந்தையார் வருவார் என்று நம்பி இடம் ஒதுக்கி வைத்ததையும், அவர் வந்து சேர்ந்ததையும் அறிவோம். அங்கே சாவு பிரிக்கிறது, நட்பு பிரிக்கவில்லை. இத்திருப்பாடலோ, உயிரோடிருக்கும் நண்பனை இழந்தவனின் கையறுநிலை. வள்ளுவர் நட்பை ஐந்து அதிகாரங்களில் ஆராய்ந்து, தீ நட்பையும் கூடா நட்பையும் முன்கூட்டியே காட்டி எச்சரிக்கிறார். எச்சரிக்கை பயன்படாமற் போன பின்பு, இரவில் உறக்கம் வராதவனுக்கு எழுந்த குரல் இத்திருப்பாடல்.

மறுபக்கத்தில் உள்ள கதை

திருப்பாடலின் தலைப்பு தாவீதின் பெயரை மட்டுமே தருகிறது. தோழனின் பெயரைத் தரவில்லை. ஆயினும் யூத மரபு நெடுங்காலமாக அத்தோழனை அகித்தோபல் என்றே கண்டுவந்துள்ளது. இன்றைய விவிலிய அறிஞர் பலர் இதனை உறுதியாகக் கூறத் தயங்குவர். ஆனால் மரபு இந்தப் பாடலையும் 2 சாமுவேல் 15 முதல் 17 வரையுள்ள அதிகாரங்களையும் அருகருகே வைத்ததில் ஆழ்ந்த இலக்கிய உணர்வு இருக்கிறது.

தாவீது பல போர்களில் வென்ற தளபதி. சொந்த மகன் அப்சலோம் கிளர்ந்தெழ, எருசலேமை விட்டு வெளியேறுகிறார். தலையை மூடிக்கொண்டு, வெறுங்காலுடன், அழுதுகொண்டே ஒலிவ மலையில் ஏறுகிறார். அந்த ஏற்றத்தில்தான், தம் ஆலோசகர் அகித்தோபலும் எதிரிகளோடு சேர்ந்துவிட்ட செய்தி வருகிறது. அகித்தோபலின் ஆலோசனை இறைவாக்குக்கு ஒப்பாக மதிக்கப்பட்டது என்கிறது நூல்.

இங்கு நூலாசிரியர் எதையும் மறைக்கவில்லை. அடுத்து தாவீது செய்வது என்ன? தம் நண்பர் ஊசாயை, அப்சலோமிடம் நண்பன்போல் நடித்து அகித்தோபலின் ஆலோசனையைக் கெடுக்குமாறு அனுப்புகிறார். நட்பின் துரோகத்தால் அழுதவர், நட்பின் வேடத்தையே கருவியாக்குகிறார். அன்றிரவே பன்னிரண்டாயிரம் பேருடன் துரத்துவோம் என்ற அகித்தோபலின் சரியான ஆலோசனை தள்ளப்படுகிறது. அவர் கழுதைக்குச் சேணம் பூட்டித் தம் ஊருக்குச் சென்று, வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்திவிட்டுத் தூக்கிட்டுக்கொள்கிறார். துரோகியின் முடிவை நூல் கொண்டாடவில்லை. தந்தையின் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார் என்று அமைதியாகக் கூறி நிறுத்திக்கொள்கிறது.

அவர் ஏன் துரோகம் செய்தார்? நூல் நேராகச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வசனங்களைச் சேர்த்து வாசிப்போர் திடுக்கிடுவர். பத்சேபா எலியாம் என்பவரின் மகள் என்கிறது 11ஆம் அதிகாரம். தாவீதின் வீரர் பட்டியலைத் தரும் 23ஆம் அதிகாரமோ, எலியாம் என்பவர் அகித்தோபலின் மகன் என்கிறது. இரு எலியாமும் ஒருவரே எனின், தாவீது கவர்ந்த பெண் அகித்தோபலின் பேத்தி. கொல்வித்த உரியா அவருடைய பேத்தியின் கணவர். இது உறுதியான முடிவன்று. ஆயினும் நெடுங்காலமாக உரையாசிரியர் பலரைச் சிந்திக்க வைத்த ஊகம்.

இப்போது திருப்பாடலைத் திரும்பப் பார்த்தால் ஒரு குறை புலப்படுகிறது. அதில் வரும் கண்ணீர் உண்மையானது. ஆனால் அது ஒருபக்கக் கண்ணீர். 'நான் உனக்கு என்ன செய்தேன்?' என்ற கேள்வி பாடலில் எங்கும் இல்லை. துயரத்தின் நடுவில் அக்கேள்வியை எவரிடமும் நாம் எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் விவிலியம் அப்பாடலைத் தனியே விட்டுவிடவில்லை. தாவீதின் குற்றத்தையும் மறைக்காமல் எழுதி மறுபக்கத்தில் வைத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசிப்பதே முழு வாசிப்பு.

நம் மண்ணின் தளபதி

இத்தகைய இருபக்க வாசிப்பு நம் வரலாற்றுக்கும் வேண்டும். பள்ளிகொண்டாவிலிருந்து மேற்கே சென்றால் ஆம்பூர். 1749இல் ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் போரில் மடிந்த இடம். கிழக்கே சென்றால் ஆர்க்காடு. 1751இல் கிளைவ் முற்றுகையைத் தாங்கி நின்ற ஊர். அக்காலப் போர்களில் புகழ்பெற்றவரே கான்சாகிப் எனப்படும் யூசுப்கான். மருதநாயகம் என்று இன்று பலரும் அறிந்த பெயர். சிப்பாய்ப் படைகளின் தளபதியாக உயர்ந்து, கம்பெனியின் தங்கப் பதக்கம் பெற்று, பின் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டவர். அன்வருத்தீனின் மகனான நவாப் முகம்மது அலியுடனும் கம்பெனியுடனும் முரண்பட்டு, 1763இல் தன்னாட்சி கொண்டார்.

மதுரைக் கோட்டையைப் பீரங்கிகளால் வெல்ல முடியவில்லை. 1764 ஜூன் மாதத் தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. ஆனால் உள்ளே உணவு குறைந்தது, ஒற்றுமையும் குறைந்தது. அக்டோபர் 13ஆம் நாள் அவருடைய திவான் சீனிவாசராவ், மருத்துவர் பாபா சாகிப், பிரெஞ்சுப் படைத்தலைவர் மார்ஷான் ஆகியோர் கூடி, தொழுகையில் இருந்த அவரைப் பிடித்துக் கட்டி எதிரிகளிடம் ஒப்படைத்தனர். அக்டோபர் 15ஆம் நாள் மதுரைக்கு அருகே அவர் தூக்கிலிடப்பட்டார். கணக்கு எழுதிய கை, மருந்து கொடுத்த கை, படை நடத்திய கை மூன்றும் சேர்ந்தன. இறைவன் முன் குனிந்திருந்த வேளையில் அது நடந்தது என்பது, இறை இல்லத்திற்கு உடன் நடந்த தோழனை எண்ணி அழுத திருப்பாடலை நமக்கு நினைவூட்டாமல் இராது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. முற்றுகைக் காலத்தில் ஏற்பட்ட பூசலில் அவர் மார்ஷானைச் சவுக்கால் அடித்தார் என்ற செய்தி பழைய வரலாற்று நூல்களில் காணப்படுகிறது. பூலித்தேவர் முதலிய பாளையக்காரர்களைக் கம்பெனிக்காக ஒடுக்கியவரும் அவரே. நவாபின் பார்வையிலோ, யூசுப்கானே நம்பிக்கை துரோகி. இதனால் அவரைக் கட்டிக்கொடுத்தவர்களின் செயல் தூய்மையாகிவிடாது. சவுக்கடிக்குக் கயிறு நீதியாகாது. ஆயினும் துரோகம் வெற்றிடத்தில் முளைப்பதில்லை என்பதை அறிந்துகொள்கிறோம்.

நம் மேடைகளும் திரைப்படங்களும் இந்த இடத்தில் ஒரு குறுக்குவழியைத் தேர்ந்துகொண்டுள்ளன. துரோகிக்கு ஒரு பெயர் சூட்டி, கூட்டத்தின் முன் அதனை வசைச் சொல்லாக்கிவிட்டால் போதும் என நினைக்கின்றன. 'எட்டப்பன்' என்ற சொல் அவ்வாறு உருவானது. எட்டயபுரத்தாரும் பாஞ்சாலங்குறிச்சியாரும் பழைய எல்லைப் பூசல் கொண்டவர்கள், நண்பர்கள் அல்லர். 1799இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான் தரப்பு. இந்த வேறுபாடுகளை எல்லாம் ஒரே வசைச்சொல் விழுங்கிவிட்டது. வசை கேட்போருக்குக் கைதட்டும் மகிழ்ச்சி கிடைக்கிறது. ஆனால் நண்பனை இழந்தவனுக்கு அதில் ஒரு சொட்டு ஆறுதலும் இல்லை. பெயரைக் கூறாமல் 'நீ' என்று மட்டும் அழைத்த திருப்பாடலாசிரியர் நம் வசனகர்த்தாக்களைவிட மனித மனத்தை நன்கு அறிந்தவர்.

கேள்விக்கு விடை

இனி நம் நண்பரின் கேள்விக்கு வருவோம். 1971இல் சீரமைத்து வெளியிடப்பட்ட திருப்புகழ்மாலை, சாவை வேண்டும் அவ்வசனத்தை மட்டும் விட்டுவிட்டு இத்திருப்பாடலைத் தருகிறது. பொதுவில் மன்றாடுவோருக்கு மனத்தடை ஏற்படலாகாது என்ற மேய்ப்புப்பணி அக்கறை அதற்குக் காரணம். அந்த அக்கறையை மதிக்கிறோம். எனினும் திருச்சபை அதனை விவிலியத்திலிருந்து நீக்கிவிடவில்லை. தனியறையில் அழுபவன் அவ்வசனத்தையும் சொல்லலாம் என்றே கருதுகிறோம். ஏனெனில் சாபத்தை இறைவனிடம் சொல்பவன், அதை நிறைவேற்றும் உரிமையையும் அவரிடமே விட்டுவிடுகிறான். சுமையை ஆண்டவர்மேல் போடச் சொல்லும் இப்பாடல், சினமும் ஒரு சுமைதான் என்பதை அறிந்திருக்கிறது.

ஆனால் அங்கேயே நின்றுவிடலாகாது. தாவீது அழுது ஏறிய அதே ஒலிவ மலையின் அடிவாரத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், தாவீதின் மகன் எனப்பட்டவர் காட்டிக்கொடுக்கப்பட்டார். அவரிடம் உரியாவின் இரத்தமும் இல்லை, சவுக்கும் இல்லை. மறுபக்கக் கதை தேவையற்ற ஒரே ஒருவர் அவரே. முத்தமிட வந்த யூதாசை அவர் தோழன் என்றே அழைத்ததாக மத்தேயு எழுதுகிறார். திருப்பாடலில் வேதனையாக ஒலித்த விளி, கெத்சமனியில் கடைசி அழைப்பாகிறது. நம் பாஸ்கா நாடகங்களில் யூதாசுக்கு எழும் கூச்சலில் அந்த ஒரு சொல் பெரும்பாலும் கேட்காமலே போய்விடுகிறது.

அடுத்த வாரம் அன்பியத்தில் 2 சாமுவேல் நூலிலிருந்து அந்த அதிகாரங்களை வாசித்தோம். எவரையும் நோக்கி எதையும் விளக்கவில்லை. கூட்டம் முடிந்தபின் தரகர் வாசல்வரை உடன் வந்தார். "பல ஆண்டுகளுக்கு முன்னால் மண்டியில் நாலு பேர் நடுவில் அவனைக் கேவலமாகப் பேசினேன், ஐயா. அவன் செய்ததற்கு அது ஈடாகாது. ஆனாலும் பேசினேன்" என்றார். கடன் இன்னும் தீரவில்லை. நண்பர் இன்னும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆயினும் பல ஆண்டுகளுக்குப் பின் அன்றுதான் அவர் அந்த நண்பரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார் என்பதை நாம் கவனித்தோம்.