வளையும் பலகை

தங்காக் துணிக்கடைகளுக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு தச்சுப் பட்டறையில் பலகையும் துணிபோல வளைவதைப் பார்த்து நின்றுவிட்டேன். வெறும் 6 மி.மீ. பிளைவுட்தான். லேசர் வெட்டிக்கொண்டே போகிறது. செங்கல் வரிசைபோல, ஒரு வெட்டு முடியுமிடம் பக்கத்து வெட்டின் நடுப்பகுதி. கருகிய மரவாசனை, தொட்டால் விரலில் கரி. இடையில் நிற்கும் மரக்கீற்று ஒவ்வொன்றும் இம்மியளவே முறுக்கிக்கொள்கிறது. அத்தனையும் சேர்ந்தால் பலகை தூணைச் சுற்றிக்கொள்ளும்.

“மெதுவாண்ணே, சத்தத்தைக் கேட்டுக்கிட்டே வளைங்க” என்று ஒரு துண்டை என்னிடம் நீட்டினார் தச்சர். லேசான நெறுநெறுப்பு வரை சரி. என் கையில் ‘டக்’கென்றது. சிரித்தபடி அடுத்த துண்டைத் தானே வளைத்துப் பிடித்தார். வெட்டுகள் வாய் திறந்து, வெயில் தரையில் கோடுபோட்ட கைலியாக விழுந்தது.