வெள்ளை மரம் தெரியத் தேய்ப்பதா?

வேலணையில் பெரியம்மா வீட்டு விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரை கிடக்கிறது. முதிரை மரம், பிரம்புப் பின்னல். கைப்பிடிக்குக் கீழே மடங்கிக் கிடக்கும் கட்டைகளை வெளியே திருப்பினால் இரண்டு காலையும் தூக்கிப்போட்டுச் சாயலாம். வலது கைப்பிடியில் பெரியப்பா மூக்குப்பேணி வைத்து வைத்து ஒரு வட்டம் கறுத்துக் கிடந்தது. போன ஆனியில் நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பெரியம்மாவின் மருமகன், மரம் தேய்க்கும் மின்சார மெஷின் ஒன்றும் கொண்டுவந்திருந்தார். இரண்டு பகல் வெயிலில் நின்று கதிரையை வெள்ளை மரம் தெரியும்வரை தேய்த்து, மினுங்குகிற பொலியூரத்தேன் வார்னிஷ் மூன்று பூச்சு அடித்தார். கதிரை புதிதாக நின்றது. பெரியம்மா இருந்து பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இருக்கு தம்பி, கைதான் வழுக்குது" என்றார்.

அந்த மருமகனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தீவகத்தில் பழைய தளபாடம் ஏதாவது மிஞ்சியிருக்கிறதென்றால், வீட்டுக்காரரே கை வைத்துப் பார்த்ததால்தான் மிஞ்சியிருக்கிறது. 1990-91 இடப்பெயர்வில் ஊர்காவற்றுறையிலிருந்து புங்குடுதீவு வரை வீடுகள் வெறிச்சோடின. ஆட்கள் திரும்பி வந்தபோது பல வீடுகளில் கூரையே இல்லை. கதவு, யன்னல், தீராந்தி எல்லாம் போயிருந்தன. அதற்குத் தப்பிய பெட்டகமும் வாங்கும் மழை நனைந்து, கறையான் தின்று, மூலையில் கிடந்தன. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் பாலம் உண்டு. நெடுந்தீவில் இருப்பவர் ஓர் அலுமாரியைப் பட்டறைக்கு அனுப்புவதென்றால் குறிகட்டுவானுக்குப் படகேற்ற வேண்டும். அந்தச் செலவுக்குப் புதிய பலகை அலுமாரி ஒன்றே வாங்கிவிடலாம். ஆகவே வீட்டில் வைத்துப் புதுப்பிப்பது இங்கே பொழுதுபோக்கு இல்லை. அதைச் செய்யாவிட்டால் சாமான் விறகாகும், அல்லது பழம்பொருள் வாங்க வருகிறவரின் லொறியில் ஏறும்.

சட்டத்தை நம்பியும் இருக்க முடியாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியதையே தொல்பொருளாகக் கொள்கிறது. நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் பாட்டன், பூட்டன் காலத்தவை. அந்தக் கோட்டுக்கு இப்பால் நிற்பவை. ஆர். எல். புறோஹியர் 1969இல் எழுதிய ஒல்லாந்தர் காலத் தளபாடங்கள் பற்றிய நூலும் கொழும்புப் புறக்கோட்டை ஒல்லாந்தர் அரும்பொருளகமும் காட்டுகிற கருங்காலிச் செதுக்கு வேலைகள் வேறு உலகம். ஆனால் அந்த உலகத்தின் சுவடு நம் வாயிலேயே இருக்கிறது. கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு எல்லாம் போர்த்துக்கீசர் விட்டுப்போன சொற்கள், லாச்சி ஒல்லாந்தருடையது. அவற்றை முதிரையிலும் வேம்பிலும் பலாவிலும் பூவரசிலும் செய்து, கடலைப் பார்த்த விறாந்தையில் போட்டுப் புழங்கியவர்கள் நம்மவர்கள். அரும்பொருளகம் அவற்றுக்கு இடம் கொடுக்கப் போவதில்லை, வீடுதான் கொடுக்கவேண்டும்.

அதனால்தான் எப்படிப் புதுப்பிக்கிறோம் என்பது எனக்குப் பெரிய விசயமாகப் படுகிறது. அந்தக் கதிரையின் கைப்பிடிக்கு அடியில், மெஷின் எட்டாத இடத்தில், பழைய பூச்சு ஒரு சாண் அளவுக்கு அப்படியே இருந்தது. ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை அதில் ஒரு நிமிடம் வைத்தேன். பூச்சு இளகிப் பஞ்சில் ஒட்டியது, தேன் நிறம். அரக்குப் பொலிஷ். தேய்ப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்திருந்தால் தேய்க்கவே வேண்டியிருந்திருக்காது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, பழைய அரக்கை இளக்கி அதோடு ஒன்றாகிவிடும். கீறலும் மங்கலும் பெரும்பாலும் அதிலேயே அடங்கும். பொலியூரத்தேன் அப்படி இல்லை. இறுகியபின் ஸ்பிரிட்டுக்கு இளகாது. ஓரிடத்தில் வெடித்தால் அந்த இடத்தை மட்டும் சேர்த்து ஒட்டவும் முடியாது. முழுவதையும் மறுபடி தேய்க்கவேண்டும். ஒவ்வொரு தேய்ப்புக்கும் மரம் குறையும், செதுக்கின் விளிம்பு மழுங்கும். வெயிலும் கைபட்ட எண்ணெயும் பல வருசமாக மரத்தின் மேல்தோலில் ஏற்றிய நிறம் முதல் தேய்ப்பிலேயே தூளாகிப் போய்விடும். எந்தச் சாயத்தைப் பூசினாலும் அது திரும்பாது.

உடம்புக்கும் தீங்கு உண்டு. முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் கொண்டுவரும். மருமகனின் முழங்கை ஒரு கிழமை சிவந்து கிடந்தது. பழைய பச்சை, நீலப் பெயின்ற் பூசிய அலுமாரியில் ஈயம் இருக்கலாம். பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் அதை உலரத் தேய்க்கவே கூடாது. பெயின்றைக் கழற்றக் கோஸ்டிக் சோடாவில் ஊறவிடுவது இன்னும் மோசம். மரம் கறுக்கும், பழைய பொருத்துகளைப் பிடித்திருக்கும் வச்சிரப் பசை விட்டுப்போகும்.

தீவகத்துக்கென்று தனியாக ஒரு சிக்கலும் இருக்கிறது: உப்பு. கடற்காற்றில் வந்து படியும் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். அதைத் துடைக்காமல் மேலே வார்னிஷ் அடித்தால் உப்பு உள்ளே அடைபட்டுவிடும். மாரி தொடங்க இரும்பாணித் தலையைச் சுற்றிக் கறுப்பு ஊறும், பூச்சு உரியும். நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் இரண்டு மூன்று தரம் துடைத்து நிழலில் உலரவிடுவது ஒரு காலை வேலைதான். அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

அரக்கு குறையில்லாதது என்று சொல்ல வரவில்லை. கொதிக்கிற தேநீர்க் கோப்பை வைத்தால் வெள்ளை வட்டம் விழும். சாராயம் சிந்தினால் கரையும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடித்தால் பூச்சு பால்போல் வெளுக்கும். மெல்லிய பூச்சாகப் பல நாள் பொறுத்து அடிக்கவேண்டிய வேலை இது; இரண்டு கிழமை லீவில் வருகிறவருக்கு அந்த நாட்கள் இல்லை. ஆனி, ஆடியில்தான் ஆட்கள் வருகிறார்கள். அப்போது சோளகம் புழுதியை அள்ளி ஈரப் பூச்சில் போடும். பழைய பூச்சு முழுவதும் அழிந்து, நாளுக்கு மூன்று வேளை சோறு பரிமாறுகிற மேசைக்கு நானே பொலியூரத்தேன் அடித்திருக்கிறேன், இப்போதும் அடிப்பேன். மழையில் நனைந்து சாம்பல் பூத்த வாங்குக்கு லேசாகத் தேய்ப்பதைத் தவிர வழியில்லை. ஆனால் பூச்சு உயிரோடு இருக்கிற கதிரையை, மங்கிவிட்டது என்பதற்காகத் தோலுரிப்பது வேறு.

பெரியம்மா வீட்டில் அந்தக் கதிரைக்கு ஒரு சோடி இருக்கிறது. அறைக்குள் நெல்மூட்டைக்குப் பின்னால் கிடந்ததால் மெஷினுக்குத் தப்பியது. இந்தப் பங்குனியில் அதை வெளியே எடுத்தோம். உப்பைத் துடைத்தோம். பஞ்சை வெள்ளைத் துணியில் பொதிந்து, அரக்கில் தோய்த்துப் பிழிந்து, மரத்தின் வரி ஓடுகிற பக்கமாக இழுத்தேன். காலை ஒரு பூச்சு, பின்னேரம் ஒன்று, ஒன்பது நாள். அதன் கைப்பிடியிலும் ஒரு வட்டம் உண்டு, கொஞ்சம் சின்னது. அது பெரியம்மாவின் பேணி. மருமகன் படத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் வெகுநேரம் விசாரித்தார். வரும் ஆனிக்கு என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டார். அரக்குச் செதில் ஒரு கிலோ, லீவில் இன்னும் ஒரு கிழமை என்று சொல்லியிருக்கிறேன்.